தோலிருக்கையும் பேணும் கையும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளை நாடே அறியும். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அவை குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து உறுப்பினரைத் தேர்ந்தனர். இதுவரை நாம் பள்ளியிலேயே படித்தோம். தேர்ந்தெடுக்கப்பட்டோர் அதன்பின் என்ன செய்தனர் என்பதையோ நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆட்டை வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என அவர்கள் பிரிந்து, 360 நாள் பணியாற்றி, பின்னர் விலகிக்கொண்டனர். ஊரின் பெரிய ஏரி அதற்கு முன்பே, பல்லவர் காலத்திலேயே, வெட்டப்பட்டுவிட்டது. வெட்டிய ஏரியைக் காக்கவே ஆண்டுதோறும் ஆறு பேர் தேவைப்பட்டனர்.

ஒன்றை உண்டாக்குவது ஒரு வேலை. உண்டானதைப் பேணுவது வேறொரு வேலை. முன்னதற்குக் கிடைக்கும் பாராட்டு பின்னதற்குக் கிடைப்பதில்லை. இவ்வுண்மையை ஏரியைப் போன்ற பெரிய பொருளில் அல்லாமல், நம் கைக்கு எட்டும் ஒரு சிறிய பொருளில் வைத்து எண்ணிப் பார்க்க விழைகிறோம். அப்பொருள் காரின் தோலிருக்கை.

இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் வாகனத் தொழிற்சாலைகள் எழுந்த பிறகு நம் வட்டாரத்தின் காலை வேளையே மாறிவிட்டது. விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரத்தில் இளைஞர்கள் காத்து நிற்கிறார்கள். ஏர் பிடித்தவரின் பேரன் கார் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறான். பழைய கார்களும் கைமாறி ஊர்களுக்குள் வந்து சேர்கின்றன. நகரத்தில் ஒரு செல்வந்தர் ஐந்தாறு ஆண்டுகள் ஓட்டிய வண்டி, இங்கே திருமணத்துக்கும் மருத்துவமனைக்கும் விமான நிலையத்துக்கும் ஓடும் வாடகை வண்டியாகிறது. அவ்வாறு வந்த வண்டிகளில் சிலவற்றுக்குத் தோலிருக்கை உண்டு.

நம் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவர் அத்தகைய வண்டி ஒன்றை வாங்கினார். அவருக்கு அது தொழில் மட்டுமன்று. வங்கிக் கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு, வீட்டின் மதிப்பு எல்லாமே அதுதான். மூன்று கோடைகள் கழிந்தன. பின்னிருக்கை ஏறக்குறைய வாங்கியபோது இருந்தபடியே இருக்க, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் வறண்ட வயலைப் போல வெடித்துவிட்டது. இரண்டும் ஒரே நாளில் தைக்கப்பட்டவை. ஒன்று கெட்டு மற்றொன்று கெடாதது ஏன் என்று அறிய, நண்பருடன் நாமும் காஞ்சிபுரத்துக்குச் சென்று குஷன் கடைக்காரர் ஒருவரைக் கண்டோம்.

அவர் வெடிப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "அண்ணே, தேங்காய் எண்ணெய் போட்டீங்களா?" என்று கேட்டார். நண்பர் தலையசைத்தார். "வெடிச்ச பிறகு எத போட்டாலும் தோல் சேராது. நல்லா இருக்கும்போதே பார்த்துக்கணும். பின்னாடி சீட்டுக்கு இன்னும் காலம் இருக்கு, அதக் காப்பாத்துங்க" என்றார். முன்னிருக்கைக்குப் புதிய தோலுறை தைக்க அவர் கூறிய தொகையைக் கேட்டு நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னிருக்கையைக் காக்கும் வழியை அவர் சொல்லச் சொல்ல, நாம் குறித்துக்கொண்டோம். அதன்பின் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நண்பருடன் சேர்ந்து அதைச் செய்தும் வருகிறோம்.

தோலைப் பேண விரும்புவோர் முதலில் தோல் என்பது என்ன என்று அறிதல் நன்று. அது ஓர் உயிரின் மேனியாக இருந்தது. எண்ணற்ற நுண்ணிய புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் வலையே அது. பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். காயவைத்தால் பலகையாக விறைக்கும். இவ்விரண்டும் நேராதபடி இழைகளைப் பிணைத்து நிலைநிறுத்துவதே பதனிடுதல். நம் நாட்டில் நெடுங்காலம் அதற்குப் பயன்பட்டவை ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஆகும். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். அதன் பட்டையில் உள்ள துவர்ப்பே தோலை அழுகாமல் காத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை சென்னைக்கு வந்தது. குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே அவ்வாறு தோல் பதனிட்ட ஓர் ஆலையினால் வந்ததுதான். 1948-இல் சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது.

பதனிடாத தோல் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை வெப்பமுள்ள நீரிலேயே சுருங்கிவிடும். குரோமியத்தால் நன்கு பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். எனினும் இத்துணை வலிமை பெற்ற தோலுக்கும் ஒரு குறை உண்டு. பதனிட்டு உலர்ந்தபின் அதன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆலையிலேயே எண்ணெயை நீரில் கலந்து பால்போலாக்கி, இழைகளின் இடையே புகுத்துகிறார்கள். அந்த எண்ணெய் இருக்கும்வரை இழைகள் வழுக்கி அசையும், தோல் வளையும். வெயிலாலும் வெப்பத்தாலும் அது குறைந்துபோனால், வளைய வேண்டிய இடத்தில் தோல் முறியும். முன்னாளில் கிணற்றில் கவலை இறைத்தவர்கள் இதை நன்கறிவார்கள். சாலின் தோல் வெடித்துவிட்டால் நீர் வயலுக்குப் போய்ச் சேராது.

இன்றைய காரிருக்கைகளில் பெரும்பாலானவற்றின் தோல்மேல் மெல்லிய வண்ணப்பூச்சு ஒன்று உண்டு. நாம் தொடுவது அந்தப் பூச்சையே. ஆகவே இருக்கையைத் துலக்குவதென்பது முதலாவதாக அப்பூச்சைத் தேயாமல் காப்பதே. மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். தோலிருக்கை என்று விற்கப்படும் பலவும் ரெக்சினே. சிலவற்றில் அமரும் பகுதி மட்டும் தோலாகவும், பக்கங்களும் முதுகுப்புறமும் ரெக்சினாகவும் இருக்கும். உறையின் ஓரத்தை எங்கேனும் திருப்பிப் பார்க்க முடிந்தால் உண்மை தெரிந்துவிடும். அடிப்புறம் மெல்லிய நார்களாக இருந்தால் தோல். துணி நெய்து ஒட்டியிருந்தால் ரெக்சின். ரெக்சினுக்குச் சோப்பு நீரும் ஈரத்துணியுமே போதும். தோலுக்கென விற்கும் மருந்துகளுக்குச் செலவிட வேண்டியதில்லை.

இனி, துலக்கும் முறையைக் காண்போம். முதல் வேலை தூசியை நீக்குவது. நம் மண்சாலைகளின் புழுதி தையல் மடிப்புகளில் தங்கி, ஒவ்வொரு முறை அமரும்போதும் உப்புத்தாளைப் போலத் தோலைத் தேய்க்கிறது. மென்மையான தூரிகையாலோ தூசி உறிஞ்சும் கருவியாலோ மடிப்புகளை விரித்து அதை எடுத்துவிட வேண்டும். புழுதியை அகற்றாமல் ஈரத்துணியை வைப்பது, மணலைக் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்து, தோலுக்கென விற்கும் துலக்கியை எடுக்கலாம். அல்லது காரம் குறைந்த மென்சோப்புத் திரவம் சில துளிகளை நீரில் கலந்து எடுக்கலாம். துணி துவைக்கும் தூள் ஆகாது. பதனிட்ட தோல் இயல்பில் சிறிது அமிலத் தன்மை உடையது. மிகுந்த காரம் அதன் பூச்சையும் இழையையும் கெடுக்கும். கலவையை இருக்கையின்மேல் நேரே ஊற்றாமல், மென்துணியில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒருசாண் அகலத்துக்குச் சிறிது சிறிதாக மெல்ல வட்டமாய்த் துடைக்க வேண்டும். முதலில் வெளியே தெரியாத ஓர் ஓரத்தில் துடைத்து, துணியில் நிறம் ஏறவில்லை என்று உறுதி செய்துகொள்வது நலம். சிறு துளைகள் இட்ட இருக்கையானால் இன்னும் குறைந்த ஈரமே போதும். உள்ளே பஞ்சில் நீர் இறங்கினால் அது எளிதில் உலராது. பிறகு தூய நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பை எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். கதவுகளைத் திறந்துவைத்து நிழலிலேயே உலரவிட வேண்டும்.

தலை சாயும் இடத்துக்குத் தனிக் கவனம் தேவை. நம்மவர் தலைக்கு எண்ணெய் வைப்பவர்; அந்த எண்ணெயும் வியர்வையும் நாள்தோறும் ஒரே இடத்தில் படிந்து, பூச்சை இளக்கி ஒட்டும் பதமாக்கிவிடும். வாரம் ஒருமுறை அவ்விடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவந்தால் போதும். அல்லது துவைக்கத்தக்க பருத்தித் துண்டு ஒன்றைப் போர்த்திவைக்கலாம். திருமணத்துக்குச் சென்றுவந்த வண்டியில் குங்குமமும் மஞ்சளும் சந்தனமும் நசுங்கிய பூவிதழும் கிடக்கும். அவற்றை அன்றே எடுத்துவிட வேண்டும்; மஞ்சள் கறை ஒருநாள் தங்கினாலும் வெளிர்நிறத் தோலில் நிலைத்துவிடும்.

இருக்கை நன்றாக உலர்ந்தபின் கண்டிஷனர் என்னும் பதக்குழம்பைப் பூச வேண்டும். இலண்டனில் 1878-இல் தொடங்கிய கொனாலி என்னும் தோல் நிறுவனம் ரோல்ஸ் ராய்ஸ் கார்களுக்குத் தோல் அளித்து வந்தது. அந்நிறுவனம் விற்ற குழம்புக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரின் பொருள் 'தோலுணவு' என்பதாகும். உணவு என்ற சொல்லைக் கேட்டு நாம் அதை அள்ளிப் பூசிவிடக் கூடாது. இருக்கை ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி அளவே மிகுதி. துணியில் எடுத்து மெல்லிய படலமாகத் தடவி, கால்மணி நேரம் பொறுத்து, மிஞ்சியதை உலர்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பூச்சுள்ள தோலுக்குள் இக்குழம்பு மிக ஆழமாக இறங்குவதில்லை. அது பூச்சின் மேற்பரப்பை மென்மையாக வைத்து, உராய்வையும் வறட்சியையும் குறைக்கிறது. அதனால்தான் ஒருநாள் நிறையப் பூசுவதைவிட, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சிறிதளவு பூசுவதே பயனளிக்கிறது.

தேங்காய் எண்ணெயை ஏன் பூசலாகாது என்பதும் இங்கே விளங்கும். அது மேலே தங்கிப் புழுதியைப் பிடிக்கிறது, நாளடைவில் சிக்குப்பிடித்து நாறுகிறது, பூச்சை இளக்குகிறது. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவை கறையோடு நிறத்தையும் எடுத்துவிடும். செருப்புக்குப் போடும் பாலிஷ் அமர்பவரின் வெள்ளை வேட்டியில் ஏறும். பளபளக்கச் செய்யும் தெளிப்பான்கள் அன்றைக்குக் கண்ணுக்கு நன்றாயிருக்கும்; வழுக்கும் மேற்பரப்பும் தூசியுமே பின்னர் மிஞ்சும். நல்ல தோல் பளபளப்பதில்லை. அமைதியான மங்கலே அதன் அழகு.

பருவத்தையும் கருத வேண்டும். கத்திரி வெயிலில் அடைத்து நிறுத்திய காருக்குள் வெப்பம் வெளியில் உள்ளதைவிட மிகவும் உயர்ந்துவிடும். புளிய மரத்து நிழலோ முன்கண்ணாடியை மறைக்கும் ஓர் அட்டையோ எந்தக் குழம்பையும்விடத் தோலுக்கு நன்மை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்கல் வேறு. நாட்கணக்கில் மூடிக் கிடக்கும் வண்டியில் பூஞ்சணம் பூக்கும். அதை வெளியில் வைத்து உலர்ந்த துணியால் முதலில் எடுத்துவிட்டு, பின்னர் மேற்சொன்னவாறு துலக்கி, காற்றாட விட வேண்டும். ஈரம் காயுமுன் குழம்பு பூசுவது பூஞ்சணத்துக்கே உதவும்.

இவ்வளவு உழைப்பு ஒரு காரிருக்கைக்குத் தேவைதானா என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இருக்கையின் விலையை மட்டும் எண்ணினால், வசதி உள்ளவர் புதிய உறை தைத்துக்கொண்டு போகலாம். ஆனால் கடையில் கொடுக்கும் தொகையில் அடங்காத விலை ஒன்று தோலுக்கு உண்டு.

உத்திரமேரூர் வட்டாரம் பாலாற்றையும் செய்யாற்றையும் அண்டி வாழ்வது. செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கூடுமிடமே திருமுக்கூடல். அங்கு வந்து சேரும் பாலாறு அதற்கு முன் வாணியம்பாடியையும் ஆம்பூரையும் இராணிப்பேட்டையையும் கடந்தே வருகிறது. அவை தோல் பதனிடும் ஊர்கள். பல்லாயிரம் குடும்பங்களுக்கு அத்தொழில் சோறு போட்டது, போடுகிறது. அதே தொழிலின் கழிவுநீர் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக வந்த ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக் கூறியது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும் அது குறிப்பிட்டது. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டின் சட்டமாக அது நிலைநாட்டியது. அவ்வாறிருந்தும் 2025 ஜனவரியில் அதே வேலூர்ப் பகுதியின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது.

மனித உயிரும் அக்கணக்கில் உண்டு. 2015 ஜனவரி 31 அன்று அதிகாலையில் இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தோல் கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

நாம் அமரும் இருக்கையின் தோல் எந்த ஊரில் பதனிடப்பட்டதென்று அதன்மேல் எழுதியிருப்பதில்லை. எந்த ஊராயினும், அங்கே ஒரு நீர்நிலையும் சில மனிதரும் அதன் விலையில் ஒரு பங்கைச் செலுத்தியிருப்பார்கள். ஒரு காரின் இருக்கைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாடுகளின் தோல் தேவை. ஐந்தாண்டில் வெடித்துப்போக இருந்த இருக்கை நம் அரைமணி நேர உழைப்பினால் பதினைந்து ஆண்டு நிற்குமானால், அதற்கென மற்றொரு தோலை நாம் கேட்க வேண்டியிராது. ஆற்றைக் காக்க அரசும் நீதிமன்றமும் ஆலையும் செய்ய வேண்டியவை மிகப் பல. அவற்றுக்கு இது ஈடாகாது. ஆயினும் நம் கையில் உள்ள பகுதி இதுவே. இனி வண்டி வாங்குவோர் துணியிருக்கையைத் தேர்ந்தால் நம் வெயிலுக்கு அதுவே ஏற்றது. ஏற்கெனவே தோலிருக்கை உள்ளவரோ அதை நெடுநாள் வாழவைப்பதே முறை.

தோலைத் தொட்ட கைகளை நாம் எவ்வாறு நடத்தினோம் என்பதையும் இங்கே எண்ணாமலிருக்க இயலவில்லை. உத்திரமேரூர்க் குடத்தில் பெயரோலை இடுவதற்குக் கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைநூல் பயிற்சியும் தகுதிகளாகக் கேட்கப்பட்டன. செத்த மாட்டை அகற்றி, உரித்து, பதனிட்டு, ஏற்றத்துக்குத் தோலும் பறைக்குத் தோலும் காலுக்குச் செருப்பும் தந்தவனின் பெயர் அக்குடத்தில் விழ வழியில்லை. ஊருக்குப் புறத்தே அவனுக்கு இடம் ஒதுக்கினார்கள். அவன் செய்த பொருளை ஊர் ஏற்றது, அவனை ஏற்கவில்லை. பேதுரு யோப்பா நகரில் பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோனின் வீட்டிலே என்று திருத்தூதர் பணிகள் ஒன்பதாம் அதிகாரத்தின் முடிவில் படிக்கிறோம். பிணத்தைத் தொடும் தொழில் என்று யூதர் பலர் ஒதுக்கிய தொழில் அது. எந்த மனிதரையும் தீட்டுள்ளவரென்று சொல்லலாகாது என்னும் தெளிவு பேதுருவுக்கு அவ்வீட்டின் மேல்மாடியில்தான் கிடைத்தது. தூய்மை என்றால் என்ன என்பதை அவர் கற்ற இடம், ஊரார் தீட்டென்று விலகிச்சென்ற இடமே.

ஆதலின் இருக்கையைத் துலக்கும் வேலையை நாம் பிறரிடம் ஒப்படைக்கும்போதும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சாலையோர வாட்டர் சர்வீஸ் கடைகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் வெறுங்கையால் காரமான மருந்துகளைத் தொட்டு வேலை செய்கிறார்கள். விரல் நுனிகள் வெடித்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். இருக்கையின் வெடிப்பைக் கண்டு வருந்துகிற நாம் அவ்விரல்களையும் பார்க்க வேண்டாமா? கையுறை போடச் சொல்வதும், பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பதும், மருந்தின் அளவைக் குறைத்து மென்சோப்பைக் கேட்பதும் நம்மால் இயலாதவை அல்ல.

சென்ற மாதம் நண்பரின் வண்டியைத் துலக்க உதவிக்கு ஓர் இளைஞன் வந்தான். வேலை முடிய இருட்டிவிட்டது. அவனுடைய ஊருக்குப் பேருந்து இல்லை. நண்பர் கதவைத் திறந்து அவனைப் பின்னிருக்கையில் அமரச் சொன்னார். தன் சட்டை அழுக்கென்று அவன் தயங்கினான். "துடைச்சுக்கலாம் தம்பி, உட்காரு" என்றார் அவர்.